டகாலோக்ல எல்லாமே செயப்பாட்டு வினையா? கோளாறு லேபிள்ல இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலர்ல கம்ப்யூட்டருக்கு மொழி சொல்லிக் கொடுக்கிறதைப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, நல்ல விஷயம், ட்ரீபேங்க்ங்கிற (இலக்கணக் குறி போட்ட வாக்கியத் தொகுப்பு) வார்த்தை நம்ம தமிழ்ப் பேப்பர்ல அச்சுல வந்ததே எனக்கு சந்தோஷம் தான். ஆனா நடுவுல ஒரு பத்தி இருந்துச்சு பாருங்க, பிலிப்பைன்ஸ்காரங்க பேசுற டகாலோக்ல செயப்பாட்டு வினை தான் அதிகம், 'நான் மீன் வாங்கினேன்'னு சொல்ல மாட்டாங்க, 'மீன் என்னால வாங்கப்பட்டது'ன்னு தான் சொல்லுவாங்க, ஆகவே அவங்க தன்னை முன்னால நிறுத்திக்காத பணிவான சனங்கன்னு எழுதியிருந்தார் கட்டுரையாளர். நான் மலாய், டகாலோக் வாக்கியங்களுக்கு இலக்கணக் குறி போடுற வேலையில இருக்கேன், அதைப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. அந்தப் பணிவு மணிலாவுல இருந்து வரலைங்க, யாரோ ஒருத்தர் வினைச்சொல்லுக்குப் பக்கத்துல போட்ட லேபிள்ல இருந்து வந்திருக்கு.

மொதல்ல அந்த உதாரணமே தப்பு. 'நான் மீன் வாங்கினேன்'னு டகாலோக்ல தாராளமா சொல்லுவாங்க, 'புமிலி ஆக்கோ நங் இஸ்தா'. 'சாப்டியா'ன்னு நாம கேக்குற மாதிரி அவங்களும் பாக்குறவங்களையெல்லாம் 'குமாயின் கா னா பா'ன்னு கேப்பாங்க, அதுலயும் செய்யுற ஆள் தான் முன்னால. எப்ப மாறும்னா, எந்த மீனுன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கும் போது மாறும், 'பினிலி கோ அங் இஸ்தா', அதாவது 'அந்த மீனை வாங்கினேன்'. இதுல பணிவும் இல்ல ஒண்ணும் இல்ல. நாம 'மீன் வாங்கினேன்'னும் 'மீனை வாங்கினேன்'னும் பிரிச்சுச் சொல்றோம்ல, அந்த ஐ உருபை வச்சு நாம செய்யுற வேலையில பெரும்பகுதியை அவங்க வினைச்சொல்லை மாத்தி செய்யுறாங்க, அவ்வளவு தான். நம்மளை யாராவது 'ஐ போட்டு பேசுறதால தமிழர்கள் பொருளாசை பிடிச்சவங்க'ன்னு எழுதினா ஒத்துக்குவோமா?

கொஞ்சம் கிட்ட போய்ப் பாத்தா தான் இது புரியும், அதனால பொறுமையா படிங்க. டகாலோக்ல பெயர்ச்சொல்லுக்கு முன்னால அங், நங், சா அப்படின்னு மூணு குட்டிச் சொல் வரும். 'புமிலி அங் லலாக்கி நங் இஸ்தா'ன்னா அந்த ஆள் மீன் வாங்கினான், இதுல அங் ஆளுக்கு முன்னால இருக்கு, வினைக்குள்ள 'உம்' நுழைஞ்சிருக்கு. 'பினிலி நங் லலாக்கி அங் இஸ்தா'ன்னா அந்த மீனை ஆள் வாங்கினான், அங் இப்ப மீனுக்குப் போயிடுச்சு, வினைக்குள்ள 'இன்' வந்துடுச்சு. 'பினில்ஹான் நங் லலாக்கி நங் இஸ்தா அங் திந்தஹான்'னா எந்தக் கடையில வாங்கினானோ அந்தக் கடைக்கு அங், வினைக் கடைசியில 'ஆன்'. 'இபினிலி நங் லலாக்கி நங் இஸ்தா அங் பாத்தா'ன்னா எந்தக் குழந்தைக்காக வாங்கினானோ அந்தக் குழந்தைக்கு அங், வினைக்கு முன்னால 'இ'. ஆக வாங்கினது ஒரே ஆள், அதே மீன், ஆனா வாக்கியம் யாரை மையமா வச்சு நிக்குதுங்கிறதை வினைச்சொல்லே சொல்லிடும். நாலுல எதுவும் இன்னொண்ணுல இருந்து செதுக்கி எடுத்தது கிடையாது, ஒவ்வொண்ணுலயும் வினை தனக்குன்னு ஒரு ஒட்டை சுமந்துட்டு நிக்குது. வினை யாரை மையமா வச்சு நிக்குதுங்கிற வடிவத்துக்கு வாய்ஸ்னு பேர், இந்த மாதிரி அமைப்பை மொழியியல்காரங்க சமச்சீர் வாய்ஸ்னு சொல்றாங்க, யாரும் யாருக்கும் அடிமை இல்லாத அமைப்புன்னு வச்சுக்கலாம்.

இப்ப செயப்பாட்டு வினைன்னா என்ன? உங்க பேப்பரையே எடுத்துக்கோங்க, முதல் பக்கத்துலயே 'கைது செய்யப்பட்டார்', 'தெரிவிக்கப்பட்டுள்ளது', 'ஒத்திவைக்கப்பட்டது'ன்னு வரிக்கு வரி இருக்கும், கைது செஞ்சது யாரு தெரிவிச்சது யாருன்னு சொல்லாம நழுவுறதுக்குத் தான் முக்காவாசி நேரம் அந்த அமைப்பு, கோவிச்சுக்காதீங்க. இங்கிலீஷ்லயும் அப்படித்தான், செஞ்ச ஆளை வாக்கியத்துல இருந்து ஓரங்கட்டறது தான் பாசிவோட வேலையே. டகாலோக் 'பினிலி'யில அது நடக்கவே இல்ல. ஆள் வினைக்குப் பக்கத்துலயே நிக்குறான், 'கோ', 'மோ', 'நியா'ன்னு ஒட்டிக்கிட்டே வர்ற குட்டி பிரதிப்பெயரா கூட நிக்குறான். கட்டளை போடும்போது கூட இதே அமைப்பு தான், 'அந்த மீனைச் சாப்பிடு'ன்னு சொல்ல 'கயினின் மோ அங் இஸ்தா'ம்பாங்க. இது செயப்பாட்டு வினையா இருந்தா 'மீன் உன்னால சாப்பிடப்படு'ன்னு ஒரு அம்மா பிள்ளைக்கு சோறு ஊட்டுறான்னு அர்த்தம் ஆகும், உலகத்துல எந்த அம்மாவும் அப்படி ஊட்ட மாட்டா.

இந்தக் குழப்பம் நேத்து வந்தது இல்ல. 1610-ல பிலிப்பைன்ஸ் பத்தான்ல பிரான்சிஸ்கோ பிளங்காஸ் தெ சான் ஹோசேன்னு ஒரு டொமினிக்கன் பாதிரியார் டகாலோக் இலக்கணம் போட்டார், அச்சடிச்சது தொமாஸ் பின்பின்னு அந்த ஊர்க்காரர். பாதிரியாருக்குத் தெரிஞ்ச அளவுகோல் லத்தீன், அதனால 'உம்' வந்தா ஆக்டிவ், மத்ததெல்லாம் பாசிவ், 'இன்' பாசிவ் 'இ' பாசிவ் 'ஆன்' பாசிவ்னு மூணா பிரிச்சு வச்சுட்டார். முன்னூறு வருஷம் கழிச்சு 1917-ல அமெரிக்காவுல மொழியியலாளர் லெனர்ட் புளூம்ஃபீல்டு, இலினாய்ல படிச்சிட்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ் மாணவரை உக்கார வச்சு கதை சொல்லச் சொல்லிக் கேட்டு அருமையான ஒரு இலக்கணம் எழுதினார், அதுலயும் ஒரு ஆக்டிவ் மூணு பாசிவ் தான். அப்புறம் 1976-ல பால் ஷாக்டர்ங்கிற மொழியியலாளர் வந்து, ஐயா இந்த மொழியில சப்ஜெக்ட்னு ஒண்ணு இருக்கான்னே கேட்டார். அவர் காட்டினது என்னன்னா, எழுவாய்னு நாம நம்பி ஒரே ஆள்கிட்ட கொடுக்கிற குணங்கள் டகாலோக்ல ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. பெயரெச்சம் மாதிரி ஒரு பெயரை விவரிக்கணும்னா அங் போட்ட பெயரை மட்டும் தான் வெளிய எடுக்க முடியும், 'இஸ்தாங் பினிலி நங் லலாக்கி', ஆள் வாங்கின மீன், இது சரி. 'இஸ்தாங் புமிலி அங் லலாக்கி'ன்னு சொன்னீங்கன்னா கேக்குறவர் முகத்தைச் சுளிப்பார். ஆனா 'தன்னைத் தானே'ன்னு திரும்பி வர்ற சமாச்சாரத்துல அங் ஜெயிக்காது, 'சினக்தான் நங் லலாக்கி அங் சரிலி நியா', அந்த ஆள் தன்னையே காயப்படுத்திக்கிட்டான், இதுல 'தன்' தான் அங் போட்டு நிக்குது, அதைக் கட்டி இழுக்குறது நங் போட்ட ஆள். கட்டளையில நீ செய்னு யாரைப் பாத்துச் சொல்றோமோ அதுவும் செய்யுற ஆள் தான். 1993-ல பால் க்ரோகர் இதையெல்லாம் திரும்ப அலசி, அங் போட்டது தான் இலக்கணப்படி சப்ஜெக்ட், மத்த குணமெல்லாம் செய்யுற ஆளோட அர்த்தத்துல இருந்து வருதுன்னு வாதாடினார். எனக்கு அவர் பக்கம் தான் சாய்வு, ஏன்னா வேலை செய்யும்போது அது ஒண்ணு தான் வாக்கியத்துக்கு வாக்கியம் தடுமாறாம நிக்குது. இந்த அமைப்புக்கு எர்கேட்டிவ்னு வேற இலக்கணப் பேர் வைக்கிற ஒரு கட்சியும் இருக்கு, அந்தச் சண்டைக்குள்ள போனா இந்த லெட்டர் முடியாது.

இப்ப ட்ரீபேங்குக்கு வர்றேன். வாக்கியத்துல எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்து நிக்குதுன்னு மரம் மாதிரி கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் உறவுப் பேர் எழுதி வைக்கிறது தான் ட்ரீபேங்க். எல்லா மொழிக்கும் ஒரே உறவுப் பேர்கள் இருந்தா ஒப்பிடலாம், ஒரு மொழியில கத்துக்கிட்டதை இன்னொரு மொழிக்குக் கொண்டு போகலாம்னு யூனிவர்சல் டிபென்டன்சீஸ்னு ஒரு கூட்டு முயற்சி இருக்கு, 2015-ல முதல் வெளியீடு, இன்னிக்கு 150 மொழிக்கு மேல இருக்கு. தமிழும் இருக்கு, பிராக் நகரத்து சார்லஸ் பல்கலைக்கழகத்துல 600 வாக்கியம், அதுவும் ஒரு தமிழ் நாளிதழ்ச் செய்தியில இருந்து எடுத்தது. ஃபைல் பாக்க சாதாரணமா தான் இருக்கும், சொல்லுக்கு ஒரு வரி, வரிக்கு பத்து காலம் (column, நேரம் இல்ல). ஆறாவது காலத்துல சொல்லோட குணங்கள், வாய்ஸ் அங்க தான் போகும். எட்டாவது காலத்துல உறவு, சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், ஆப்ளீக் (இடம், நேரம் மாதிரி ஓரமா நிக்குறது) அப்படின்னு.

கோளாறு ஆறாவது காலத்துலயே ஆரம்பிக்குது. வாய்ஸுக்கு என்னென்ன மதிப்பு போடலாம்னு அவங்க வழிகாட்டிப் பட்டியல்ல டகாலோக், மலாய் எல்லாம் சேர்ந்த ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்து மொழிகளுக்குன்னு இடத்தை மையமா வச்சது, பயனாளியை மையமா வச்சதுன்னு ரெண்டு தனி மதிப்பு இருக்கு, ரொம்ப நல்லது. ஆனா செயப்படுபொருளை மையமா வச்சதுக்குத் தனியா கிடையாது, பாஸ்னு (Pass) இருக்கிற மதிப்புக்கு விளக்கமே 'பாசிவ் அல்லது பொருளை மையமா வச்ச வாய்ஸ்'னு தான் போட்டிருக்கு. 'அல்லது'ன்னு ஒரு வார்த்தையில ரெண்டு வேற வேற சாதனத்தைக் கட்டி ஒரே சாக்குல போட்டாச்சு. வழிகாட்டியைப் படிச்சவருக்கு அந்த 'அல்லது' தெரியும், ஃபைலை இறக்கி எத்தனை பாஸ் இருக்குன்னு எண்ணிப் பாக்குறவருக்கு அது தெரியவே தெரியாது. இங்கிலீஷ்ல எண்ணினா கொஞ்சம் வரும், டகாலோக்ல எண்ணினா கொட்டும், உடனே 'செயப்பாட்டு மொழி', உடனே 'பணிவான சனங்க'. உங்க கட்டுரையாளரும் அப்படி ஒரு எண்ணிக்கையைப் பாத்துட்டுத் தான் எழுதியிருப்பார்னு நெனைக்கிறேன், அவர் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல.

முன்னாடி இது பெரிய விஷயமா இல்ல. டகாலோக்குக்கு ஆரம்பத்துல இருந்தது 1972-ல வந்த ஷாக்டர், ஓடானெஸ் ரெண்டு பேரோட இலக்கண நூல்ல இருந்து எடுத்த கொஞ்ச வாக்கியம் தான், கையில எடுத்து ஒவ்வொண்ணா பாக்கலாம். இப்ப செய்தி வாக்கியங்களை வச்சு 15 ஆயிரத்துக்கு மேல கையால குறி போட்ட பெரிய ட்ரீபேங்க் வந்தாச்சு. கொஞ்சமா இருக்கும்போது லேபிள் எப்படி இருந்தாலும் அறிஞ்சவங்க சரி பண்ணிப் படிச்சுக்குவாங்க, இவ்வளவு ஆனப்புறம் அதைப் படிக்கிறது மனுஷங்க இல்ல, மெஷின்.

எட்டாவது காலத்துல என்ன போடுறதுன்னு கேட்டா அங்க தான் எங்க டீம்ல நிஜச் சண்டை. 'பினிலி நங் லலாக்கி அங் இஸ்தா' முன்னால இருக்கு. ஒருத்தர் சொல்லுவார், மீன் பாசிவ் சப்ஜெக்ட், ஆள் 'ஆல்' போட்ட மாதிரி ஆப்ளீக், முடிஞ்சது. இன்னொருத்தர், யார் செஞ்சாலும் செஞ்சவர் சப்ஜெக்ட், வாங்கப்பட்டது ஆப்ஜெக்ட், நாலு வாக்கியத்துலயும் ஒரே மாதிரி போடு, மெஷினுக்கு ஈசிம்பார். ரெண்டுமே எனக்கு ஒத்து வரல. முதல் வழியில வாக்கியத்தோட நடுத்தூணா நிக்குற ஆளைத் தூக்கி 'கடையில', 'காலையில' மாதிரி ஓரச் சமாச்சாரத்தோட உக்கார வச்சுடுறோம். ரெண்டாவது வழியில அங் எதுக்கு இருக்குன்னே மரத்துல தெரியாது, பெயரெச்சம் எதைத் தொடும் எதைத் தொடாதுங்கிற விதி காணாமப் போயிடும், அது இலக்கண மரம் இல்ல, அர்த்தப் பட்டியல். நான் போடச் சொல்றது இது தான்: அங் போட்ட மீன் சாதா சப்ஜெக்ட், பாசிவ்னு வால் ஒட்டாம. நங் போட்ட ஆள் ஆப்ஜெக்ட் வகையில, ஆனா 'செய்பவர்'னு ஒரு துணைப் பேரோட. வாய்ஸ் காலத்துல பொருள் மையம்னு தனி மதிப்பு. இப்படிப் போட்டா யார் வாங்கினாங்கன்னு தேடுறவருக்கும் ஆள் கிடைப்பான், சப்ஜெக்ட் எப்படி நடந்துக்குதுன்னு ஆராயுறவருக்கும் மீன் கிடைக்கும். நங் வேற சங்கடம் ஒண்ணு பண்ணும், செய்யுற ஆளுக்கும் நங், ஏதோ ஒரு மீனுக்கும் நங், நம்ம ஆறாம் வேற்றுமை மாதிரி உடைமைக்கும் அதே நங், ஆகவே நங்ஙைப் பாத்து மட்டும் ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, வினையோட ஒட்டைப் பாத்தாகணும். துணைப் பேர் இல்லாம விட்டா மெஷின் இதுல தான் வழுக்கி விழும்.

சரி, இதையே மலாய்க்கும் போட்டுடலாமேன்னு கேப்பீங்க, ஒரே குடும்பம் தானே. அங்க தான் நான் கறாரா இருப்பேன், எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போடக் கூடாது. இங்க மலேசியாவுல நம்ம பிள்ளைங்க தமிழ்ப்பள்ளியில படிச்சாலும் பரீட்சைக்கு மலாய் எழுதியே ஆகணும், அதனால இந்த விதியை உங்க வாசகர்கள் பாதிப் பேர் அடி வாங்கிக் கத்திருப்பாங்க: 'புக்கு இத்து டிபாச்சா ஓலே அலி' சரி, அந்தப் புத்தகம் அலியால படிக்கப்பட்டது. 'சாயா'ன்னா நான், 'புக்கு இத்து டிபாச்சா ஓலே சாயா' தப்பு, வாத்தியார் சிவப்பு மை போடுவார், 'புக்கு இத்து சாயா பாச்சா'ன்னு எழுதணும். ஸ்கூல் புத்தகத்துல ரெண்டுக்குமே ஆயாட் பாசிஃப், அதாவது செயப்பாட்டு வாக்கியம்னு தான் பேர், தன்மை முன்னிலைக்கு ஒண்ணு படர்க்கைக்கு ஒண்ணுன்னு சொல்லி விட்டுடுவாங்க. ஆனா கூர்ந்து பாருங்க. 'டிபாச்சா ஓலே அலி'யில 'ஓலே அலி'யைத் தூக்கிட்டாலும் வாக்கியம் நிக்கும், இடம் மாத்தினாலும் நிக்கும், அலி நிஜமாவே ஓரத்துல தான் இருக்கான், இதை பாசிவ்னு போட எனக்கு ஒரு தயக்கமும் இல்ல. 'சாயா பாச்சா'வுல 'சாயா'வை எடுத்துப் பாருங்க, நாம சொல்ல வந்த வாக்கியமே போயிடும். 'ஏற்கனவே'ங்கிற அர்த்தத்துல வர்ற 'சூடா'வைச் சேருங்க, 'புக்கு இத்து சூடா சாயா பாச்சா'ன்னா தான் சரி, 'புக்கு இத்து சாயா சூடா பாச்சா'ன்னா பரீட்சையில மார்க் போச்சு, ஏன்னா சாயாவுக்கும் வினைக்கும் நடுவுல ஒரு சொல் கூட நுழையக் கூடாது. நானும் நீயும் 'கு', 'காவ்'னு குறுகி வினையோட ஒட்டி 'குபாச்சா', 'காவ்பாச்சா'ன்னே எழுதுற அளவுக்கு நெருக்கம். இவ்வளவு ஒட்டுறவா இருக்கிற ஆளை ஆப்ளீக்னு எப்படிங்க போடுறது? இங்க நான் டகாலோக்குக்குச் சொன்ன மாதிரியே சாதா சப்ஜெக்ட், செய்பவர் துணைப் பேரோட ஆப்ஜெக்ட். அதாவது ஒரே மலாய்ல, ஒரே பாடத்துல, அடுத்தடுத்த வரியில ரெண்டு வேற மரம்.

அதுவும் முழுசா முடியாது. 'டிபாச்சாஞ்ஞா'ன்னு அவன், அவளைக் குறிக்கிற 'ஞா' ஒட்டி வரும்போது 'ஓலே' இல்ல, பழைய ஹிக்காயாட் கதைகள்ல அரசன் கடிதத்தை எடுத்தான், திறந்தான், படிச்சான்னு சம்பவம் சம்பவமா ஓடும்போது இந்த 'டி...ஞா' தான் கதையை ஓட்டும், பாசிவ் பொதுவா அப்படிக் கதை ஓட்டாது. இதுக்கு நான் ஒரு முடிவு வச்சிருக்கேன், 'ஓலே' இல்லாம ஒட்டி வர்ற 'ஞா'வை ஆப்ளீக்ல போடாதேன்னு, ஆனா எங்க டீம்லயே எல்லாரும் ஒத்துக்கல, அது ஞாயமான தகராறு தான்.

மடகாஸ்கர்ல பேசுற மலகாசியும் இதே குடும்பம், துவைக்கிறதுக்கு 'மனாசா', 'சசானா', 'அனாசானா'ன்னு மூணு வடிவம், கடைசியில சொன்னது சோப்பைக் கூட சப்ஜெக்டா நிறுத்தும், சப்ஜெக்ட் வாக்கியத்தோட கடைசியில போய் நிக்கும். தைவான் பூர்வகுடி மொழிகள்ல அமிஸ், அத்தயால், பைவான்னு டகாலோக் மாதிரியே வாய்ஸ் அமைப்பு இருக்கு, குடும்பமே அங்க இருந்து தான் கடல் ஏறிச்சுன்னு சொல்றாங்க. பாலித்தீவு மொழியில பொருள் மையமா இருந்தா வினைக்கு ஒட்டே கிடையாது, மொட்டையா நிக்கும், அப்ப ஆறாவது காலத்துல எதைப் பாத்து என்ன எழுதுவீங்க? ஆயிரத்துக்கு மேல மொழி இருக்கிற குடும்பத்துக்கு ஒரே அளவுல சட்டை தைச்சு வச்சுட்டு, யாருக்கு இறுக்குதோ அவங்க உடம்பு சரியில்லைன்னு சொல்ற மாதிரி இருக்கு இப்ப நடக்கிறது. பெயரெச்சம் எதைத் தொடுது, ஆளை எடுத்தா வாக்கியம் நிக்குதா, நடுவுல சொல் நுழையுதா, கட்டளையில வருதா, இந்த நாலு கேள்வியை அந்தந்த மொழிக்காரங்ககிட்டயே கேட்டுட்டு லேபிள் ஒட்டினா போதும், அதுக்கு பெரிய தியரி எதுவும் வேணாம், ஆனா நேரம் வேணும், குறி போடுறவங்களுக்கு வாக்கியக் கணக்குல காசு கொடுக்கிற இடங்கள்ல அந்த நேரத்தை யாரும் தர்றதில்ல.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதுல விழுது, இனிமே ட்ரீபேங்க் எதுக்கு, பெரிய மாடல்கள் மரம் இல்லாமலே கத்துக்குதேன்னு. இருக்கலாம். ஆனா அந்த மாடல் டகாலோக் வாக்கியத்துல யார் யாரை அடிச்சாங்கன்னு சரியா புரிஞ்சுக்கிச்சான்னு சோதிக்க ஒரு விடைத்தாள் வேணுமே, அந்த விடைத்தாளே 1610-ம் வருஷத்து லத்தீன் கண்ணாடியோட இருந்தா எதை வச்சு மார்க் போடுவீங்க?

ஆசிரியர்கிட்ட நான் கேக்குறது ரெண்டு தான். வர்ற ஞாயிறு மலர்ல டகாலோக் பத்தின அந்தப் பத்திக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்க, செயப்பாட்டு வினைங்கிறதை எடுத்துட்டு 'பொருளை மையமா வச்ச வினை வடிவம்'னு போட்டாலே போதும், பணிவைப் பத்தின வரியை அப்படியே தூக்கிடுங்க. அடுத்த பாகத்துல மலாய் பத்தி எழுதப் போறதா கட்டுரையாளர் சொல்லியிருக்கார், அதுல அட்டவணை போட்டார்னா 'டிபாச்சா ஓலே'வையும் 'சாயா பாச்சா'வையும் ஒரே கட்டத்துல போடாம தனித்தனி வரியில போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிள்ளான்.